‘என்னைப் பார்த்துக் கதை’ என்று ஓட்டிசம் உள்ள பிள்ளையை வற்புறுத்தலாமா?

பத்திராதிபர் அவர்கட்கு,

தங்கள் பத்திரிகையின் வாரப் பதிப்பில் அண்மையில் வெளியான, பெற்றோருக்கான ஆலோசனைக் கட்டுரை ஒன்றில், ஓட்டிசம் (மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாட்டால், பிறரோடு பழகும் விதமும் உலகை உணரும் விதமும் மாறுபடும் நிலை) உள்ள பிள்ளைகள் பிறருடைய கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை என்றும், ஆகவே வீட்டிலே நாள்தோறும் பிள்ளையின் முகத்தை இரு கைகளாலும் பிடித்து ‘என்னைப் பார்’ என்று சொல்லிப் பழக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்தது. முதலாவது கூற்று அத்தகைய பிள்ளைகளில் பலருக்குப் பொருந்தும். இரண்டாவதை வாசித்தபோது எனக்கு என்னுடைய கைகளே நினைவுக்கு வந்தன. 32 ஆண்டுகள் ஆரம்பப் பிரிவில் கற்பித்து ஓய்வுபெற்ற நான், என் வகுப்பிலும் என் உறவிலும் இருந்த பிள்ளைகளின் நாடியைப் பிடித்து, முகத்தை என் பக்கம் திருப்பியே பாடம் சொன்னவள். அது தவறு என்பதை மிகவும் பிந்தியே அறிந்துகொண்டேன். இக்கட்டுரையை வாசித்த இளம் தாய்மாரும் ஆசிரியர்களும் அதே தவறைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், தரம் 2 இல் ஒரு சிறுவன் இருந்தான். நான் கதை சொல்லும்போதெல்லாம் அவன் சன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். கவனமில்லாத பிள்ளை என்று முடிவு செய்து, அவனை முன்வரிசையில் இருத்தி, ‘ரீச்சரின் முகத்தைப் பார்’ என்று ஒவ்வொரு நாளும் சொன்னேன். அவன் பார்த்தான், ஆனால் அதற்குப் பிறகு நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவனிடமிருந்து பதில் வரவில்லை. முன்பு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே கதையில் வந்த ஆட்டுக்குட்டி எத்தனை, அவற்றின் நிறம் என்ன என்று பிசகாமல் சொன்ன பிள்ளை அவன். அவனுடைய மௌனத்தைப் பிடிவாதம் என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதியது என் கைதான். ஓட்டிசம் என்ற சொல்லே அக்காலத்தில் எங்கள் ஆசிரியர் அறையில் வழங்கவில்லை.

என் தங்கையின் மகனுக்கு நான்கு வயதில் ஓட்டிசம் உறுதிப்படுத்தப்பட்டது. இப்போது அவனுக்கு 21 வயது. கணினி திருத்தும் வேலையைப் பழகி வருகிறான். கடந்த மாசி மாதம் ஒரு பிற்பகல், விறாந்தையில் இருவரும் அருகருகே இருந்து அவித்த பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். புழுக்கொடியலுக்குக் கிழங்கு உரிப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை; இருவருடைய பார்வையும் கையிலே இருக்கும். அந்த நேரத்தில், சிறுவயதில் நான் உன் முகத்தைப் பிடித்துத் திருப்பியது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவன் சொன்னதை அவன் பேசியபடியே எழுதுகிறேன்: “பெரியம்மா, நீங்கள் என்னைப் பார் எண்டு சொன்னா நான் பாக்கிற வேலையைத்தான் செய்வன். கேக்கிற வேலைக்கு உள்ளுக்க இடம் இராது. கண் எண்டது ஒரு இடத்தில நிக்காது. ரெண்டு கண்ணில எதைப் பாக்கிறது, எவ்வளவு நேரம் பாக்கிறது, எப்ப விடுறது எண்டு எண்ணிக்கொண்டே இருக்கோணும். அதுக்குள்ள நீங்கள் சொன்னது போயிடும்.”

அவன் சொன்னதற்கு ஆய்வுகளிலும் ஆதாரம் உண்டு. நினைப்பதற்கும் பார்ப்பதற்கும் மூளை ஒரே நேரத்தில் உழைக்க வேண்டியிருக்கும்போது, எவரும் பார்வையை விலக்கிக்கொள்வதே இயல்பு. போன வருடத் தேர்த் திருவிழாவுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யார் யார் என்று ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவருடைய கண்கள் உங்களை விட்டுக் கூரைக்கோ முற்றத்துக்கோ போய்விடும். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் குவினெத் டொஹெட்டி-ஸ்னெடனும் அவருடன் பணியாற்றியவர்களும் சிறுவர்களிடம் இதனை ஆராய்ந்தார்கள். கேள்வி கடினமாகக் கடினமாகப் பிள்ளைகள் அதிகமாகப் பார்வையை விலக்குகிறார்கள் என்பதையும், சிந்திக்கும்போது முகத்தைப் பாராமல் இருக்கும்படி பழக்கப்பட்ட ஐந்து வயதுப் பிள்ளைகள் முன்னிலும் நன்றாகப் பதில் சொன்னார்கள் என்பதையும் 2006 இல் வெளியான அவர்களுடைய ஆய்வு காட்டியது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளும் இதே காரணத்துக்காக, இதே விதமாகவே, சிந்திக்கும் நேரத்தில் பார்வையை விலக்குகிறார்கள் என்பது 2012 இல் வெளியான மற்றோர் ஆய்வின் முடிவு. மனிதமுகம் என்பது ஒரு கணமும் ஓயாமல் மாறிக்கொண்டிருப்பது. அதை வாசிப்பது பலருக்கு மூச்சு விடுவதைப்போலத் தானாக நடந்துவிடுகிறது. ஓட்டிசம் உள்ள ஒருவருக்கு அதுவே மனக்கணக்குச் செய்வதைப்போன்ற முயற்சியாக இருக்கையில், அவர் கேட்பதைத் தெரிந்தெடுத்து, பார்ப்பதைக் கைவிடுகிறார். என் வகுப்பில் இருந்த சிறுவன் வேப்பமரத்தைப் பார்த்தது என் கதையைக் கேட்பதற்காகத்தான் என்று இப்போது எண்ணுகிறேன்.

இது ஒரு காரணம் மாத்திரமே. பிறருடைய கண்ணைப் பார்ப்பது நோவைப்போல இருக்கிறது, சுடுகிறது, உடம்புக்குள் யாரோ புகுந்துவிட்டதைப்போல இருக்கிறது என்று ஓட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் தம் அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார்கள். இதை மிகைப்படுத்திய பேச்சு என்று தள்ளிவிட முடியாது. மூளையின் மேற்பட்டைக்குக் கீழே, முகங்களையும் ஆபத்தையும் கணப்பொழுதில் உணரும் ஒரு பழைய வலைப்பின்னல் இருக்கிறது. வாதுமைக்கொட்டை வடிவிலான அமிக்டலா என்ற சிறு பகுதியும் அதில் அடங்கும். பிறந்த குழந்தை தாயின் முகத்தை நாடுவதற்கும் அந்த வலைப்பின்னலே துணைநிற்கிறது. பொஸ்டன் நகரில் நௌஷின் ஹாஜிகானி என்ற நரம்பியல் ஆய்வாளரும் குழுவினரும் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டிசம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் முகங்களைக் காட்டி மூளையின் செயற்பாட்டைப் படம்பிடித்தார்கள். பார்வையைக் கண்களின்மீதே நிறுத்தும்படி செய்தபோது, ஓட்டிசம் உள்ளவர்களிடம் அந்த வலைப்பின்னல் மற்றவர்களைவிட மிக அதிகமாகக் கிளர்ந்தது. பயந்த முகத்தைக் காட்டியபோது இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஓட்டிசம் உள்ளவர்கள் கண்களை நோக்கும் நேரம் கூடக்கூட அமிக்டலாவின் கிளர்ச்சியும் கூடுகிறது என்று 2005 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் நடந்த ஆய்வும் முன்னரே காட்டியிருந்தது. நண்பகல் வெயிலை நிமிர்ந்து பார் என்று நாம் எவருக்கும் சொல்வதில்லை. ஆனால், தாங்க முடியாத அளவுக்குக் கூசுகின்ற ஒன்றைப் பார்க்கும்படி சொல்லிவிட்டு, பிள்ளை திமிறும்போது அதை அடங்காத பிள்ளை என்று சொல்லிவிடுகிறோம்.

மிகச் சிறிய குழந்தைகளிடம் வேறொரு காரணமும் இருக்கலாம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அற்லாண்டாவில் வொறன் ஜோன்ஸ், அமி கிளின் ஆகிய இருவரும், பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைகளிலிருந்து தொடங்கி, அவர்களுடைய பார்வை எங்கே போகிறது என்பதைக் கருவிகொண்டு தொடர்ந்து அளந்தார்கள். பின்னாளில் ஓட்டிசம் உறுதிப்படுத்தப்பட்ட குழந்தைகளும் இரண்டு மாத வயதில் மற்றக் குழந்தைகளைப் போலவே கண்களைப் பார்த்தார்கள் என்பதும், இரண்டாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையே அந்தப் பார்வை படிப்படியாகக் குறைந்து சென்றது என்பதும் 2013 இல் வெளியான அவர்களுடைய முடிவு. அதே ஆய்வுக் குழுவினர் பின்னர் ஓட்டிசம் உள்ள இரண்டு வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, அந்தப் பிள்ளைகள் அஞ்சிப் பார்வையைத் திருப்பவில்லை, கண்கள் ஏதோ சொல்கின்றன என்பதே அவர்களுக்குப் படவில்லை என்று கண்டார்கள். ஆகவே, கண்ணைப் பாராமைக்கு ஒரே ஒரு காரணத்தைச் சொல்லி எல்லாப் பிள்ளைகளுக்கும் அதைப் பொருத்தக் கூடாது. ஒருவருக்குச் சுமை, ஒருவருக்குக் கூச்சமும் பதற்றமும், இன்னொருவருக்குக் கண்கள் ஒரு செய்தியும் தராத வெறும் உறுப்பு. வளர வளர இவை ஒருவரிடமே கலந்தும் வரக்கூடும். ஓட்டிசம் இருந்தும் இயல்பாகக் கண்ணைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அளவுக்கு மிஞ்சி இமைக்காமல் பார்ப்பவர்களும், தாயின் கண்ணை மட்டும் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

தாய்மாரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் ஊரில் பிள்ளை கண்ணைப் பாராமைக்கான பழி முதலில் அவர்கள் தலையிலேதான் விழுகிறது. 1943 இல் லியோ கனர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்தே, பிறர் முகத்தைப் பாராமை ஓட்டிசத்தோடு சேர்த்துப் பேசப்பட்டு வருகிறது. அதன்பின் வந்த காலத்தில், தாயிடம் அன்பின் வெதுவெதுப்பு இல்லாததால்தான் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று மேல்நாட்டு மருத்துவர்கள் சிலர் சொல்லி, எண்ணற்ற தாய்மாரை அழவைத்தார்கள். ஓட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பேர்னாட் றிம்லண்ட் 1964 இல் அந்தக் கொள்கையை மறுத்து, இது நரம்பு மண்டலத்தின் அமைப்போடு தொடர்புடையது என்று ஆதாரங்களோடு எழுதினார். அங்கே 60 ஆண்டுகளுக்கு முன்னரே வலுவிழக்கத் தொடங்கிய அந்தப் பழி, இங்கே வேறு உடுப்பு அணிந்துகொண்டு இன்னும் நடமாடுகிறது. ‘பிள்ளையிட்ட போனைக் குடுத்திட்டு நீ உன்ர வேலையைப் பாத்தனி’ என்று என் தங்கையிடம் சொல்லாத உறவினர் இல்லை. அவள் அந்தப் பிள்ளையோடு பேசிய அளவுக்குத் தம் பிள்ளைகளோடு பேசிய தாய்மாரை நான் அதிகம் கண்டதில்லை.

நான் சொல்வதை வைத்து, கண்ணைப் பாராமையைப் பொருட்படுத்தவே வேண்டியதில்லை என்று எவரும் கருதிவிடக் கூடாது. 16 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்காக உலகெங்கும் பயன்படும் 20 கேள்விகள் கொண்ட ஆரம்பப் பரிசோதனையில், பேசும்போதும் விளையாடும்போதும் உடுப்பு மாற்றும்போதும் குழந்தை உங்கள் கண்ணைப் பார்க்கிறதா என்பதும் ஒரு கேள்வி. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, விரும்பியதை விரலால் சுட்டிக் காட்டாமை, சொல் வளர்ச்சி பிந்துதல் அல்லது வந்த சொற்கள் போய்விடுதல் ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்து தெரிந்தால், ‘ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்’ என்று காத்திருக்காமல், குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, சிறுவர் கிளினிக்குக்குக் குழந்தையைக் கொண்டுபோக வேண்டும். கண்ணைப் பாராமை எங்களுக்கு ஒரு சேதி சொல்கிறது. அந்தச் சேதியைக் கேட்டு வழிதேடுவது பெற்றோரின் கடமை. சேதியைக் கொண்டுவந்ததற்காகப் பிள்ளையின் முகத்தைப் பிடித்துத் திருப்புவதில் பயன் இல்லை.

அதனால் வரும் தீங்கையும் கட்டுரையாளர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். 1960 களில் அமெரிக்காவில் வளர்ந்த நடத்தைப் பயிற்சி முறைகளில் ‘என்னைப் பார்’ என்பது தொடக்கப் பாடங்களில் ஒன்றாக இருந்தது. பார்த்தால் இனிப்பு, பாராவிட்டால் இனிப்பு இல்லை. அப்படிப் பழகிய பிள்ளை இனிப்புக்காகப் பார்க்கக் கற்றுக்கொள்ளும். பார்வையின் வழியாக இன்னொருவர் மனதை அறியவோ, அவரோடு சேர்ந்து ஒரு பொருளை இரசிக்கவோ அதனால் கற்றுக்கொள்ளாது. வளர்ந்த பின்னர் பலர் மற்றவருடைய புருவத்தையோ மூக்கு நுனியையோ பார்த்து, மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, பின்பு பார்வையை எடுத்து, மீண்டும் கொண்டுவந்து, நாள் முழுவதும் இயல்பானவரைப்போல நடந்து காட்டுகிறார்கள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் ஒரு சொல்லும் பேச முடியாமல் படுத்துவிடுகிறார்கள். பெண்பிள்ளைகள் இப்படி மறைப்பதில் அதிகம் பழகிவிடுவதால், அவர்களில் பலருக்கு ஓட்டிசம் இருப்பதே பெரியவர்களான பின்னர்தான் தெரியவருகிறது. வகுப்பில் மிகவும் அடக்கமாக, நேராகப் பார்த்துக்கொண்டிருந்த மாணவிகளில் எத்தனை பேர் இப்படி எண்ணிக்கொண்டிருந்திருப்பார்கள் என்ற கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை.

எங்கள் சமூகம் எப்போது தொடக்கம் கண்ணைப் பார்த்துப் பேசுவதை நேர்மையின் அடையாளமாக எடுத்துக்கொண்டது என்பதையும் யோசிக்க வேண்டும். நான் சிறுமியாக இருந்த காலத்தில், பெரியவர்கள் பேசும்போது நிலத்தைப் பார்த்து நிற்பதே மரியாதை. நிமிர்ந்து பார்த்தால் ‘என்ன முழிசுறாய்’ என்று ஏச்சு விழும். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளைக் கடந்து வேலைக்குப் போன எங்களில் பலர், துவக்கு வைத்திருப்பவரின் கண்ணைப் பாராமல் அடையாள அட்டையை நீட்டப் பழகியிருந்தோம். நாங்கள் எதையும் ஒளிக்கவில்லை. அந்தப் பார்வை எங்களால் தாங்கக்கூடியதாக இருக்கவில்லை. அவ்வாறு வாழ்ந்த தலைமுறையே இன்று நேர்முகப் பரீட்சை மேசையின் மறுபக்கத்தில் இருந்துகொண்டு, கண்ணைப் பார்க்காத இளைஞன் எதையோ மறைக்கிறான் என்று புள்ளியைக் குறைக்கிறது. என் தங்கையின் மகனுக்கு ஓர் இடத்தில் நடந்ததும் அதுதான். பொய் சொல்பவர் கண்ணைப் பார்க்கமாட்டார் என்ற நம்பிக்கை எங்களிடம் மட்டும் இல்லை. 75 நாடுகளில் நடத்தப்பட்டு 2006 இல் வெளியான ஆய்வொன்றில், பொய்யின் அறிகுறி எது என்ற கேள்விக்கு உலகெங்கும் மிக அதிகமாகக் கிடைத்த பதில் இதுவே. ஆனால் உண்மை பேசுவோரையும் பொய் பேசுவோரையும் ஒப்பிட்ட ஆய்வுகள், பார்வையைக் கொண்டு பொய்யை நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியாது என்றே காட்டுகின்றன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் எங்கள் நாட்டில் 1996 இலேயே வந்தது. 2016 இல் அவ்வுரிமைகளுக்கான சர்வதேச சமவாயத்தையும் இலங்கை ஏற்றுக்கொண்டது. வேலைக்கான திறமையைப் பார்வையால் அளப்பவர்கள் இவற்றை நினைவிற்கொள்ள வேண்டும்.

தானும் ஓட்டிசம் உள்ளவரான சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012 இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஓட்டிசம் உள்ளவர் மற்றவரைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுவதைப்போலவே, மற்றவரும் அவரைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுகிறார்; இடைவெளி இரு பக்கத்தாலும் உண்டாவது என்பது அக்கருத்து. அப்படியானால் பாலத்தை இரு பக்கமிருந்தும் கட்ட வேண்டும். இதுவரை ஒரு பக்கத்தை மட்டுமே, அதுவும் நான்கு வயதுப் பிள்ளையின் பக்கத்தை மட்டுமே, கட்டச் சொல்லி வந்திருக்கிறோம்.

எங்கள் வீடுகளில் இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது வீடியோ அழைப்பு. ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கும் பெரியப்பாவும் மாமியும் ஞாயிற்றுக்கிழமைகளில் அழைக்கும்போது, ‘மாமியைப் பார், போனுக்குள்ள பார், சிரி’ என்று மூன்று நான்கு பேர் சூழ்ந்து நின்று பிள்ளையைத் திருப்புகிறார்கள். பிள்ளை ஓடிவிடுகிறது, அங்கே மாமி மனம் நோகிறார். போர்க்காலத்தில், தொலைபேசி நிலையங்களில் மணிக்கணக்காகக் காத்திருந்து, வெளிநாட்டில் இருந்த பிள்ளையின் குரலை மட்டும் கேட்டு மனம் நிறைந்து வீடு திரும்பிய தாய்மாரை நாம் அறிவோம். கண்ணைப் பாராமலே அன்பை அனுப்பவும் பெற்றுக்கொள்ளவும் எமக்குத் தெரிந்திருந்தது. என் தங்கை இப்போது கைத்தொலைபேசியை மேசையில் சாய்த்து வைத்துவிடுகிறாள். மகன் தன் வேலையைச் செய்துகொண்டே, படத்தைப் பாராமல், மாமியோடு அரை மணித்தியாலம் பேசுகிறான்.

ஆசிரியர்களுக்கு நான் பரிந்துரைப்பதும் இவ்வளவு எளிமையானதுதான். பிள்ளைக்கு எதிரே நின்று குனிந்து முகத்தை நெருக்காமல், அருகில் இருந்து, இருவரும் ஒரே கொப்பியையோ ஒரே படத்தையோ பார்த்தபடி பேசிப் பாருங்கள். கேட்டானா என்று அறிய வேண்டுமானால், ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்கு வழக்கத்தைவிடச் சற்று நேரம் காத்திருங்கள். பிள்ளையே விரும்பி ஒருமுறை உங்கள் முகத்தைப் பார்த்தால், அதைக் கொண்டாடிப் பயமுறுத்தாமல், ஒரு சிரிப்போடு ஏற்றுக்கொள்ளுங்கள். பிள்ளை பெரியவனான பின், பார்வையைப் பற்றிப் பிறர் என்ன நினைக்கிறார்கள் என்பதை அவனுக்குச் சொல்லிவைப்பது நன்று. ‘நான் பார்க்காவிட்டாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்ல அவனுக்குக் கற்பித்தால், வேலைத்தலத்தில் பெரிதும் உதவும்.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். அக்கட்டுரையைத் தாள்களிலிருந்து வெட்டியெடுத்து, முன்பள்ளி ஒன்றின் அறிவித்தற் பலகையில் ஒட்டியிருப்பதைக் கடந்த வாரம் என் கண்ணால் கண்டேன். பிள்ளையின் முகத்தைப் பிடித்துத் திருப்பும் ஆலோசனையைத் திரும்பப் பெறுவதாக ஒரு சிறு குறிப்பைத் தாங்கள் வெளியிட்டால், அதையும் வெட்டியெடுத்து அதே பலகையில் ஒட்டும்படி அந்த முன்பள்ளி ஆசிரியையிடம் கேட்டிருக்கிறேன். அவரும் சம்மதித்திருக்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆரம்பக்கல்வி ஆசிரியை,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.